ஊர் தப்ப ஒரு தெரு இருளும்

ஏற்காடு லேடீஸ் சீட்டில் இருட்டிய பிறகு போய் நின்றிருக்கிறீர்களா? கீழே சேலம், பட்டறையில் கொட்டிவைத்த கொலுசு மணி மாதிரி மின்னிக்கொண்டிருக்கும். போன கோடையில் ஒரு நாள் அங்கே நின்று கடலை கொறித்துக்கொண்டிருந்தோம். அந்த மினுமினுப்பில் ஒரு துண்டு மட்டும் சட்டென்று அணைந்தது. ஒரு தட்டுவடை அளவுக்கு இருட்டு. சுற்றிலும் எல்லாம் எரிகிறது. பக்கத்தில் நின்றவர்கள் "கரண்டு போச்சு, கரண்டு போச்சு" என்று கை காட்டினார்கள். கூட வந்த சித்தப்பா துணை மின் நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடலைத் தோலை ஊதிவிட்டு, "ஒரு ஃபீடர் ட்ரிப் ஆயிருக்கு கண்ணு. அதோட நின்னுச்சே, அதப் பாரு" என்றார். ஃபீடர் என்பது துணை மின் நிலையத்திலிருந்து ஒரு பகுதிக்குக் கரண்டு கொண்டுபோகும் லைன்; ட்ரிப் ஆவது என்றால் அது தானாகக் கழன்றுகொள்வது.

அந்த "அதோட நின்னுச்சே"வைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நமக்கு எல்லாமே கரண்டு கட்தான். தெருவில் ஜம்பர் அறுந்தாலும் கட், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தினாலும் கட். ஆனால் மின்துறைக்காரர்கள் பயப்படுவது இவற்றுக்கெல்லாம் இல்லை. மாநிலம் மாநிலமாக, மின் நிலையங்களும் சேர்ந்து மொத்தமாகப் படுத்துவிடுவதுதான் அவர்கள் சொல்லும் பிளாக் அவுட். முதல் வகையில் மரத்தில் ஒரு கிளை ஒடிகிறது. இரண்டாவதில் மரமே சாய்கிறது. சாயாமல் காப்பதற்குக் கிளையை ஒடித்துவிடுவதும் ஒரு வழி என்பது, வியர்வையில் விசிறி வீசிக்கொண்டிருக்கிற நமக்குச் சட்டென்று விளங்காது.

முதலில் ஒரு அடிப்படை. நெல்லுக்குக் குதிர் உண்டு, தண்ணீருக்கு மேட்டூர் அணை உண்டு. கரண்டுக்கு அப்படி ஒரு கிடங்கு பெரிய அளவில் இல்லை. பேட்டரிகள் இப்போதுதான் வந்துகொண்டிருக்கின்றன. நீங்கள் இந்த நொடியில் மிக்ஸியைப் போட்டால், அதற்கான மின்சாரம் இதே நொடியில் எங்கேயோ உற்பத்தியாக வேண்டும். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அவ்வளவையும் அந்தக் கணத்திலேயே உண்டாக்கியோ வெளியிலிருந்து வாங்கியோ கொடுத்தாக வேண்டும்.

தேவையும் உற்பத்தியும் சமமாக இருக்கின்றனவா என்று எப்படித் தெரியும்? சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ்ஸில் ஏறி என்ஜினுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். 20 கொண்டை ஊசி வளைவு. ஏற்றம் கூடியதும் என்ஜின் சத்தம் இறங்கும், வண்டி முக்கும். டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிப்பார், சத்தம் பழையபடி ஏறும். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டாலே ஏற்றமா இறக்கமா என்று சொல்லிவிடலாம். மின் நிலையங்களையும் லைன்களையும் ஊர்களையும் ஒன்றாகக் கோத்த வலையைத்தான் மின்தொகுப்பு என்கிறோம். அதற்கு அந்தச் சத்தம்தான் அதிர்வெண். நம் நாட்டில் அது நொடிக்கு 50 சுற்று, அதாவது 50 ஹெர்ட்ஸ். மேட்டூர் அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் இயந்திரங்கள் நிமிடத்துக்கு 3000 முறை சுழல்கின்றன; கணக்குப் போட்டால் நொடிக்கு 50. லோடு கூடினால் அந்தச் சுழற்சி துளி குறையும், லோடு குறைந்தால் துளி கூடும். 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. எவ்வளவு குறுகிய வரப்பு பாருங்கள்.

இதில் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும் விஷயம் ஒன்று உண்டு. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதியோடு ஒத்திசைவில் இணைந்தது. அன்றிலிருந்து மேட்டூரில் சுழலும் இயந்திரமும் பஞ்சாபில் சுழலும் இயந்திரமும் கண்ணுக்குத் தெரியாத ஒரே அச்சில் கோத்தது போல ஒரே தாளத்தில் சுழல்கின்றன. இளம்பிள்ளையில் ஒரு பட்டறையில் தறி ஓடத் தொடங்கினால் அதன் பாரத்தில் ஒரு இம்மி அங்கேயும் போய்ச் சேரும்.

சரி, ஒரு பெரிய மின் நிலையம் திடீரென்று நின்றுவிட்டது என்று வையுங்கள். என்ன நடக்கும்? முதல் சில நொடிகளில் மனிதர் யாரும் எதுவும் செய்ய முடியாது. சுழன்றுகொண்டிருக்கும் மற்ற டர்பைன்களின் கனம்தான் காப்பாற்றும். சாணை பிடிப்பவர் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றுமே, அந்த உந்தம். அதற்குள் ஒவ்வொரு இயந்திரத்திலும் இருக்கும் கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேகம் குறைவதை உணர்ந்து, நீராவி வால்வைத் தானாகவே திறக்கும். இது அரை நிமிடத்துக்குள் நடந்துவிடும். பிறகு டெல்லியில் இருக்கும் தேசிய மின்சுமைப் பகிர்வு மையத்தின் கணினி, 4 நொடிக்கு ஒரு முறை தேர்ந்தெடுத்த மின் நிலையங்களுக்குக் "கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் குறை" என்று ஆணை அனுப்பும். அதுவும் போதாவிட்டால் நீர்மின் நிலையங்கள். வால்பாறைப் பக்கம் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் ஒன்று இருக்கிறது. கரண்டு மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, பற்றாக்குறை வந்தால் கீழே விட்டுச் சுழற்றுவார்கள். கிடங்கு இல்லை என்றேனே, அதற்கு ஓரளவு விதிவிலக்கு இது.

பற்றாக்குறை மட்டும்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். 2020 ஏப்ரல் 5 ஞாபகம் இருக்கிறதா? ஊரடங்கு நாட்களில் இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கை அணைத்து அகல் ஏற்றினோமே. வாசலில் விளக்கு வைத்துவிட்டு நாம் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, நாட்டின் தேவை சில நிமிடங்களில் ஏறக்குறைய 31,000 மெகாவாட் சரிந்தது. எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மலையேறும் பஸ் திடீரென்று இறக்கத்தில் பாய்ந்தது போல. நீர்மின் நிலையங்களை முன்கூட்டியே ஓடவிட்டுத் தயாராக வைத்து, சரியான நேரத்தில் இறக்கி, 9 நிமிடம் முடிந்ததும் மறுபடி ஏற்றினார்கள். அதிர்வெண் 50.26 வரை போய், 49.70 வரை இறங்கி, நிலைக்கு வந்தது. அன்று கைதட்டு வாங்கியிருக்க வேண்டியவர்கள் சுமைப் பகிர்வு மையங்களில் இருந்தவர்கள் என்பது என் கட்சி.

இதுவரை சொன்னது சமநிலை. அடுத்தது பழுதை எங்கே நிறுத்துவது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு தறிப் பட்டறை. அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று, ஃபியூஸ் கட்டையில் மெல்லிய கம்பிக்குப் பதிலாக நாலு இழை செப்புக் கம்பியை முறுக்கிப் போட்டுவிட்டார் அந்த அண்ணன். இனி ஃபியூஸ் போகவே போகாது என்று பெருமை வேறு. ஒரு நாள் மோட்டார் காயில் எரிந்தது. பட்டறை ஃபியூஸ் அசையவில்லை. போனது டிரான்ஸ்பார்மர் அடியில் இருந்த பெரிய ஃபியூஸ். நாற்பது வீட்டுக்கு இருட்டு. அன்றைக்கு லைன்மேன் வந்து அந்த அண்ணனைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பழுது எங்கேயோ, அதற்கு மிகப் பக்கத்தில் இருப்பதுதான் முதலில் அறுந்துகொள்ள வேண்டும். அது அறுக்காவிட்டால் அதற்கு மேலே இருப்பது அறுக்கும். அப்போது இருட்டு பெரிதாகும். வீட்டு ட்ரிப்பர், கம்பத்து ஃபியூஸ், துணை மின் நிலைய பிரேக்கர் (லைனைத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்), 400 கிலோவோல்ட் லைன் பிரேக்கர் என்று மேலே போகப் போக இதே முறைதான். 400 கிலோவோல்ட்டில் பழுதைக் கண்டுபிடித்துப் பிரித்து முடிக்க நொடியில் பத்தில் ஒரு பங்குதான் அவகாசம்.

ஒரு லைன் பிரிந்ததும் அதில் ஓடிய மின்சாரம் மாயமாகிவிடாது. அம்மன் சப்பரத்தை இருபது பேர் தூக்கிப் போகிறார்கள். ஒருவர் கால் இடறி விலகினால் அவர் தோள் பாரம் பக்கத்தில் இருப்பவர்கள் தோளில் இறங்கும். எல்லோரும் ஏற்கெனவே பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கியிருந்தால் இன்னொருவர் விழுவார், பிறகு இருவர், அப்புறம் சப்பரமே சாயும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் எப்போதும் நாலு ஆள் கூடுதலாகத்தான் நிறுத்துவார்கள். மின்தொகுப்பிலும் அதே கணக்கு: எந்த ஒரு லைனோ எந்த ஒரு மின் நிலையமோ போனாலும் மிச்சம் இருப்பது தாங்க வேண்டும். இது திட்டமிடும்போது மட்டும் பார்க்கிற கணக்கு இல்லை. ஒன்று போன பிறகு, அடுத்தது போவதற்குள் மறுபடி தாங்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

2012 ஜூலையில் வடக்கே அந்தக் கணக்குதான் தப்பியது. மத்தியப் பிரதேசத்தில் பீனா – குவாலியர் இடையே இரண்டு 400 கிலோவோல்ட் லைன்கள். ஒன்றை மேம்படுத்தும் வேலைக்காக நிறுத்தியிருந்தார்கள். மேற்கிலிருந்து வடக்குக்குப் போகும் மின்சாரத்தின் பாரம் மற்றொன்றின் தலையில். வடக்கு மாநிலங்களோ ஒதுக்கியதைவிட அதிகமாக இழுத்துக்கொண்டிருந்தன. ஜூலை 30 அதிகாலை 2.33-க்கு அந்த லைன் ட்ரிப் ஆனது.

இங்கேதான் வேடிக்கை. மரம் விழவில்லை, இடி இறங்கவில்லை. லைனில் பழுதே இல்லை. காவலுக்கு இருந்த ரிலே, அதாவது பழுதைக் கண்டு பிரேக்கரைப் பிரிக்கச் சொல்லும் கருவி, ஏமாந்துபோனது. அந்த ரிலே வோல்டேஜைக் கரண்டால் வகுத்துப் பார்க்கும். விடை சின்னதாக வந்தால் "எங்கேயோ ஷார்ட் ஆகியிருக்கிறது" என்று முடிவு கட்டும். அதுவும் இது தன் லைனைத் தாண்டி அடுத்த லைன் வரை கவனிக்கிற, கை நீளமான அமைப்பு. பாரம் ஏறி ஏறிக் கரண்டு கூடிவிட்டது, வோல்டேஜ் தணிந்துவிட்டது. வகுத்துப் பார்த்த ரிலேவுக்கு வெறும் அதிக லோடு பழுது போலத் தெரிந்தது. பிரித்துவிட்டது. பாரம் மற்ற வழிகளுக்குத் தாவியது, ஒவ்வொன்றாக அறுந்தன, வடக்கு மின்தொகுப்பு படுத்தது. ஏறத்தாழ 36,000 மெகாவாட் லோடு போயிற்று. எழுப்பி உட்கார வைத்தார்கள். மறுநாள் மதியம் 1 மணிக்கு அதே லைன், அதே காரணம். இம்முறை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து போயின. 48,000 மெகாவாட். 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி. ரயில்கள் நடுவழியில் நின்றன, சுரங்கத்துக்குள் தொழிலாளர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

அந்த 2012-இல் நாம் எப்படி இருந்தோம்? ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்குமேல் மின்வெட்டு. விசைத்தறிக்காரர்கள் ராத்திரி எழுந்து தறி ஓட்டினார்கள், ஜவ்வரிசி ஆலைகள் டீசலில் ஓடின. திட்டாத வாய் இல்லை. ஆனால் அந்த ஜூலை 31 அன்று தெற்கு படுக்கவில்லை. இரண்டு காரணங்கள். ஒன்று, அப்போது நாம் மற்றவர்களோடு ஒத்திசைவில் இணைந்திருக்கவில்லை. ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்கு வரும் லைன் போன்ற நேர்மின்னோட்ட இணைப்புகள் வழியாக மட்டுமே வாங்கிக்கொண்டிருந்தோம். அவை பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் கதவு மாதிரி: சாமான் வரும், தீ பரவாது. இரண்டாவதுதான் முக்கியம். கிழக்கு படுத்ததும் அங்கிருந்து வந்த மின்சாரம் நின்று தெற்கிலும் அதிர்வெண் சரிந்தது. அப்போது தானியங்கி ரிலேக்கள் சில பகுதிகளின் லோடைக் கேட்காமலே வெட்டிவிட்டன. பாரம் குறைந்தது, மீதி தாங்கியது. வடக்கில் இதே ஏற்பாடு இருந்தும் தேவையான அளவு வெட்டவில்லை.

இந்த ரிலேக்கள் இன்றும் உண்டு. அதிர்வெண் 49.4-க்கு இறங்கினால் ஒரு தொகுதி ஃபீடர்கள் கழலும். அப்படியும் நிற்காவிட்டால் 49.2, 49.0, 48.8 என்று அடுத்தடுத்த படிகள். யாரும் போன் செய்து அனுமதி வாங்குவதில்லை. அதற்கு நேரமும் இல்லை. இதை விட்டுவிட்டால் இன்னும் கீழே போய், டர்பைன்கள் தங்களைக் காத்துக்கொள்ளத் தாங்களே நின்றுகொள்ளும். அதற்கப்புறம் யாருக்கும் கிடையாது. சித்தப்பா பணியில் சேர்ந்த காலத்தில் தெற்கில் 48-ஐ ஒட்டி ஓடுவது சகஜமாம். "மீட்டரப் பாத்துட்டே சோத்துல கை வெப்போம்" என்பார். மணிக்கொரு முறை லாக் ஷீட்டில் எழுத வேண்டும். எழுதிய தாளைப் பார்த்தாலே அன்றைக்கு ஊர் எப்படி மூச்சுத் திணறியது என்று தெரிந்துவிடும் என்பார்.

வோல்டேஜ் இன்னொரு தனிக் கதை. அதிர்வெண் நாடு முழுக்க ஒன்று. வோல்டேஜ் இடத்துக்கு இடம் வேறு. தறி தெரிந்தவர்களுக்குப் பாவு என்றால் சட்டென்று புரியும். துணியை நிரப்புவது ஊடைதான், ஆனால் பாவு விறைப்பாக நிற்காவிட்டால் நாடா சிக்கும். அளவுக்கு மீறி விறைத்தால் இழை அறும். மோட்டார்களும் பம்புசெட்டுகளும் இந்த விறைப்பைத் தளர்த்தும். துணை மின் நிலையங்களில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் மறுபடி இழுத்துக் கட்டும். மாறாக, பாரம் இல்லாமல் நீளமாகக் கிடக்கும் உயர் அழுத்த லைன் தானே விறைத்துக்கொள்ளும். அதைத் தளர்த்த ரியாக்டர்கள். 2025 ஏப்ரல் 28 அன்று பட்டப்பகலில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் மொத்தமாக இருண்டதற்கு விறைப்பு கூடியதுதான் காரணம். வோல்டேஜ் ஏறியது, சில நிலையங்கள் கழன்றன, கழன்றதால் இன்னும் ஏறியது. பற்றாக்குறையால்தான் இருட்டு வரும் என்ற நம் பழைய பாடத்தை அது மாற்றி எழுதிவிட்டது.

அதே ஆண்டு பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, இலங்கை முழுக்கக் கரண்டு போனது. பாணந்துறை துணை மின் நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டது என்றார் அமைச்சர். ஏற்காட்டுப் பாதையில் கையிலிருக்கும் பையைப் பிடுங்கும் குரங்குகளைப் பார்த்த நமக்கு அது நம்ப முடியாத செய்தி இல்லை. ஆனால் ஒரு குரங்கால் ஒரு துணை மின் நிலையம் போகலாம். ஒரு நாடு ஏன் போக வேண்டும்? ஞாயிறு என்பதால் தேவை குறைவு, வெயில் நன்றாக அடித்ததால் சூரிய மின்சாரம் அதிகம். சூரியத் தகட்டில் சுழலும் கனம் எதுவும் கிடையாது. சாணைச் சக்கரம் இலேசாகிவிட்டால் மிதி நின்றதும் சுற்றும் நின்றுவிடும். சூரிய மின்சாரம் வேண்டாம் என்பதற்கு இது காரணமாகாது. அதோடு பேட்டரியோ, சும்மா சுழன்றுகொண்டு கனம் கொடுக்கும் இயந்திரமோ சேர்த்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இத்தனை சொன்னாலும், பாதி காவல் சில்லறை வேலைகளில்தான் இருக்கிறது. பாரம் ஏறினால் கம்பி சூடாகி நீண்டு தொய்யும். வெயில் காலத்தில் இன்னும் அதிகம். கீழே மரம் வளர்ந்திருந்தால் தொட்டுவிடும். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் 5 கோடிப் பேர் இருண்டதற்கு, ஒஹாயோவில் இப்படி மரம் தொட்ட லைன்கள் முக்கியக் காரணம். கூடவே கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டிய மென்பொருள் செயலிழந்து கிடந்தது. ஏற்காட்டில் காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் கிளையை வெட்ட அரிவாளோடு ஆள் வரும்போது தோட்டக்காரர்கள் முணுமுணுப்பார்கள். வெட்டித்தான் ஆக வேண்டும்.

மொத்தமும் படுத்தே விட்டால்? அனல்மின் நிலையத்தைக் கிளப்பவே கரண்டு வேண்டும். நிலக்கரி அரைக்க, தண்ணீர் ஏற்ற, காற்று ஊத. பேட்டரி இறங்கிய பஸ்தான் அது. யாராவது தள்ள வேண்டும். தள்ளுவது நீர்மின் நிலையங்கள். சின்ன டீசல் ஜெனரேட்டர் இருந்தால் போதும், மதகைத் திறந்து சுழற்றிவிடலாம். அந்த மின்சாரத்தை ஒரு லைன் வழியாக அனல் நிலையத்துக்குக் கொண்டுபோய் அதைக் கிளப்பி, கொஞ்சம் ஊரைச் சேர்த்து, ஒரு சின்னத் தீவாக ஓடவிடுவார்கள். இப்படி அங்கங்கே தீவுகள் உருவான பிறகு ஒன்றோடு ஒன்றைக் கோக்க வேண்டும். ஓடும் பஸ்ஸில் ஏறுவது போல: அதே வேகத்தில் கூடவே ஓடி, சரியான கணத்தில் கால் வைக்க வேண்டும். அதிர்வெண், வோல்டேஜ், அலையின் நிலை மூன்றும் ஒத்துவந்தால்தான் பிரேக்கரைச் சேர்ப்பார்கள். அவசரப்பட்டால் மறுபடி முதலிலிருந்து. அதனால்தான் இதற்கு மணிக்கணக்கில் ஆகிறது.

நம் தெருவிலும் இதன் சின்ன உருவத்தைப் பார்க்கலாம். நீண்ட நேரம் கழித்துக் கரண்டு வந்ததும் இரண்டு நிமிடத்தில் போய்விடும், மறுபடி வரும், போகும். எல்லா வீட்டு ஃபிரிட்ஜும் ஏசியும் மோட்டாரும் ஒரே நேரத்தில் இழுப்பதால் ஃபீடர் தாங்காமல் கழல்கிறது. எங்கள் வீட்டில் கரண்டு வந்ததும் நான் ஏசி சுவிட்சுக்குக் கை நீட்டினால், அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பார்: "இருடா, நிக்குதான்னு பாத்துட்டுப் போடு." சித்தப்பா இதைக் கேட்டுவிட்டு, "அண்ணிய எங்க ஷிஃப்ட்டுல போட்டிருக்கணும்" என்பார்.